வேண்டாம் என்கிற பொத்தான்

ஜூன் 9, 2009. செவ்வாய்

காலையிலேயே வெயில். மாடியில் கால் வைக்க முடியவில்லை. கூழ் வற்றல் பிழிந்தாயிற்று.

கோபம் வந்தால் பேரப்பிள்ளைகள் கணக்கை ஒரு தடவை எழுதிவிட வேண்டும். அப்போதுதான் சோறு இறங்கும்.

பெரியவன் மகன் செந்தில். சிங்கப்பூர். கப்பல் கம்பெனி. சொந்த வீடு.

மகள் வயிற்றுப் பேத்தி கவிதா. மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சு. டாக்டரே இவளைக் கேட்டுத்தான் மருந்து எழுதுவாராம். அவளே சொன்னது.

சின்னவன் மகன் பாலு. பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்தது அங்கேயே இருக்கிற வாத்தியார் மகன். அதை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

சின்னவன் மகள் பவித்ரா. பி.இ. எலெக்ட்ரிகல். முதல் வகுப்பு.

இவளுக்கு அதற்கு மேல் எழுத இன்னும் ஒன்றும் இல்லை. படித்து முடித்து ஒரு வருஷம். கம்பெனிக்காரர்கள் ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்களாம். அந்த இடம் பார்த்துத்தான் மங்களம் குத்தினாள்.

மங்களம் என் கொழுந்தன் பெண்டாட்டி. கே.கே. நகர். ஞாயிற்றுக்கிழமை அவள் பேத்திக்கு வளைகாப்பு. தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமம் வைத்து வாசலில் வந்து கூப்பிடவில்லை. போனில் சொன்னாள். "அலைய முடியலக்கா, இதையே அழைப்பா வச்சுக்கங்க." நேரில் கூப்பிடாத வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது என் மாமியார் வைத்த சட்டம். சின்னவன் கெஞ்சினான் என்று ஏறினேன். அத்தனை பேர் முன்னால், வளையல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்:

"என்னக்கா, ஒங்க பேத்தி இன்னும் கம்ப்யூட்டரத்தான் பாத்துக்கிட்டு இருக்காளா? எங்க ரமேஷ்கிட்ட சொல்லி ஏதாச்சும் ஒரு எடத்துல உக்கார வைக்கச் சொல்லட்டா?"

ஏதாச்சும் ஒரு எடம்! சிரித்தவர்கள் முகம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. புளியோதரையைத் தொடாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 10. புதன்

முருங்கைக்காய் வாங்கினது. கரண்ட் இரண்டு தடவை போனது.

பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் பேர், படிப்பு, உத்தியோகம் போட்டு வைத்து ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிற இடம் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. மங்களம் பேரன் ரமேஷும் அதில் இருக்கிறான். கோட்டு சூட்டு. பெங்களூரில் மேனேஜர் என்று போட்டிருக்கிறதாம். இவள் படம் பரீட்சைச் சீட்டுக்கு எடுத்தது. எண்ணெய் வழிகிற தலை, அப்போதுதான் அடி வாங்கின மாதிரி முகம்.

"நீயும் மேனேஜர்னு போட வேண்டியதுதானே? யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் வேலை தேடுறேன்னே போட்டிருக்கேன் அப்பத்தா."

ஊருக்கே தெரிகிற மாதிரி! எனக்கு உடம்பு கூசியது. போட்டோவையாவது மாற்று என்றேன். "வேல கெடைக்கட்டும், மாத்துறேன்."

இவள் செய்கிற விதமும் விசித்திரம். ஒரு நாளைக்கு ஒரே ஆளுக்குத்தான் எழுதுகிறாள். அந்த ஆள் என்ன வேலை செய்திருக்கிறார் என்று முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறாள். இன்றைக்குக் கோயமுத்தூரில் சுகந்தி என்கிற ஒரு அம்மா. தண்ணீர் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிற கம்பெனியில் பெரிய பொறுப்பு. 'நீங்கள் எழுதியிருக்கிற அதே இடத்தில்தான் காலேஜில் நான் செய்த மோட்டாரும் எரிந்தது, எங்கே தப்பு செய்தேன்?' என்று கேட்டு எழுதினாள்.

"வேல கேக்கலியா?"

"முகம் தெரியாதவங்ககிட்ட எடுத்ததுமே கேப்பாகளா?"

ஜூன் 13. சனி

பொல்லாத புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது.

ரமேஷிடமிருந்து பவித்ராவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில்தான், தெரிந்தவர்களில் ஒருத்தியாகச் சேரச் சொல்லி. அவனாக ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாவிட்டால் இயந்திரமே ஒரு வரி அடித்துக் கொடுத்துவிடுமாம், எல்லோருக்கும் ஒரே வரி. பாட்டி போனில் கூப்பிட்டாள், பேரன் இயந்திரத்தை விட்டுக் கூப்பிடுகிறான். நல்ல வளர்ப்பு.

இடது பொத்தான் சரி, வலது பொத்தான் வேண்டாம். பவித்ராதான் காட்டிக் கொடுத்தாள்.

ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். நான் உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் கண்ணுக்குத் தெரியாதா? ரமேஷுக்கு ஒரு வேண்டாம். அமுக்கினபோது நெஞ்சு குளிர்ந்தது. கீழே இன்னும் சிலர், அதே வரியோடு. சட்டம் என்றால் எல்லோருக்கும்தானே. அவர்களுக்கும் வேண்டாம்.

சாயங்காலம் பஜ்ஜி போட்டேன்.

ஜூன் 14. ஞாயிறு

காலையிலேயே வீட்டில் ரகளை. நான் தள்ளினவர்களில் அந்தக் கோயமுத்தூர் அம்மாவும் ஒருவர்.

"அவங்களா வந்து கேட்டாக அப்பத்தா. அவங்களா!" தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுகை. சின்னவன், "ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல?" என்று கத்தினான். ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் ஏன் தள்ளுகிறேன்?

மத்தியானம் எழுந்து முகம் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தாள். தள்ளின ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. என்ன எழுதினாய் என்றேன். நடந்ததையே எழுதினாளாம். 'எங்கள் வீட்டில் நேரில் வந்து கூப்பிட்டால்தான் அழைப்பு. உங்கள் அழைப்பில் ஒரு வார்த்தையும் இல்லை என்று என் அப்பத்தா தள்ளிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள்.'

"ரமேஷுக்கு மட்டும் எழுதாதே."

"அவருக்குத்தான் மொதல்ல எழுதினேன்."

ஜூன் 17. புதன்

கோயமுத்தூர் அம்மா போன் செய்தார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். என்னிடம் கொடுக்கச் சொன்னார். "அம்மா, நேர்ல வர முடியல, போன்ல கூப்பிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேத்திய ஒருக்கா எங்க கம்பெனிக்கு அனுப்பி வைங்க."

முகம் தெரியாத மனுஷிக்கு இருக்கிற மரியாதை கூடப் பிறந்தவள் மாதிரி இருக்க வேண்டியவளுக்கு இல்லை.

பிறகு பவித்ரா எரிந்த மோட்டாரைப் பற்றி அரை மணி பேசினாள். பால் பொங்கி வழிந்தது. போகட்டும்.

ஜூன் 19. வெள்ளி

கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் பவித்ரா ரமேஷோடு போனில். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"என்னண்ணே சொல்றீக? மூணு மாசமாவா? வீட்ல யாருக்கும் தெரியாதா? சரிண்ணே. யாருகிட்டயும் சொல்லல. எனக்கும் ஒரு வருஷமா இப்பிடித்தான் இருக்கு. நீங்க என்ன வேல பாத்தீகன்னு எழுதி அனுப்புங்க, நான் விசாரிக்கிறேன்."

வேலை போய்விட்டது! மேனேஜர் கோட்டுக்குள் ஒன்றும் இல்லை!

அந்த நிமிஷமே கே.கே. நகருக்கு ஆட்டோ பிடித்திருப்பேன். பவித்ரா என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்தாள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பேத்தி தலை. என்ன செய்வது? பண்ணினேன்.

ஜூலை 1. புதன்

உத்தரவு வந்துவிட்டது. பவித்ராவுக்கு வேலை. கோயமுத்தூர். மேலே எழுதின வரியோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது: பி.இ. எலெக்ட்ரிகல், முதல் வகுப்பு, கோயமுத்தூரில் இஞ்சினியர்.

ஜூலை 8. புதன்

நல்ல காற்று. பவித்ரா ஞாயிறன்றே புறப்பட்டுப் போய்விட்டாள். விடுதிச் சாப்பாட்டில் உப்பே இல்லையாம்.

மங்களம் வந்தாள். நேரில். வெள்ளித் தட்டு, வெற்றிலை, குங்குமம். ரமேஷுக்குக் கோரிப்பாளையத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள், நிச்சயத்துக்குக் கூப்பிட. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை குறைச்சல்.

"எம் பேரன வேண்டாம்னு தள்ளுனது நீங்கதானாமே? சொந்தக்காரன அப்பிடித் தள்ளலாமாக்கா?"

"நேர்ல வந்து கூப்பிட்டா ஏன் தள்ளப் போறேன்? இப்ப நீ வந்தே, காப்பி குடுக்கலையா?"

காப்பியை ஒரு வாய் உறிஞ்சினாள். பிறகு, "பவித்ராவுக்குக் கெடச்சிருச்சாமே. என்ன, சின்னக் கம்பெனின்னு சொன்னாக. எங்க ரமேஷுது மாதிரி வருமா?"

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எங்க பவித்ராகிட்ட சொல்லி ஏதாச்சும் ஒரு எடத்துல ஒம் பேரன உக்கார வைக்கச் சொல்லட்டா? அவள் கேட்ட அதே கேள்வி. அவள் தட்டு முன்னாலேயே. ஒரு மூச்சு போதும்.

கையில் பேத்தி தலை இருக்கிற மாதிரியே இருந்தது. குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "நல்லபடியா நடக்கட்டும்," என்றேன்.

சாயங்காலம் பவித்ராவுக்குப் போன். நான் வாயைக் கட்டினது உனக்காக, பதிலுக்கு ஒன்று செய் என்றேன். அந்தப் பரீட்சைச் சீட்டு முகத்தை இன்றைக்கே எடு. புதுப் போட்டோ போடு. ஊதாப் புடவை. என் மூக்குத்தி. கம்பெனி அட்டை கழுத்தில், பேர் தெரிகிற மாதிரி. பின்னால் அந்த மோட்டார் பெட்டிகள் வரிசையாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடு தாயி, நிச்சயத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ரமேஷைத் திறந்துதான் பார்ப்பார்கள், அவனுக்குத் தெரிந்தவர்கள் வரிசையில் நீயும் தெரிவாய்.