கத்தாத வண்டி

ஏங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். கார் சாவி ஆணியில இருக்கு. சீட் பெல்ட்டு போடாட்டியும் வண்டி கத்தக்கூடாதுன்னு பெல்ட்டு மாட்டுற இடத்துல நீங்க சொருகியிருந்த வெறும் கிளிப்பைப் பிடுங்கி என் பையில போட்டுக்கிட்டேன். தேடாதீங்க.

ஈசிசேர் மாதிரி சாய்ஞ்சு கிடந்த சீட்டையும் நிமிர்த்திட்டேன். பிரேக்கை முழுசா மிதிச்சாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கிற அளவுக்கு முன்னால இழுத்துக்குங்க. பெல்ட்டு வயித்துல இல்ல, இடுப்பெலும்புல படியணும்.

"பத்து நிமிஷ தூரத்துக்கு எதுக்குடி பெல்ட்டெல்லாம்"னு ராத்திரி கேட்டீங்க. நான் திரும்பிப் படுத்துட்டேன். கோவம் இல்ல. அதுக்குத்தான் இப்ப எழுதறேன்.

நேத்து எங்க பட்டறைக்கு சீட்டு தைக்க ஒரு வண்டி வந்துச்சு. நம்ம வண்டி நிறம். எங்கயோ மோதி முன்பக்கமே இல்ல; இழுத்துட்டுதான் வந்தாங்க. நம்பரைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் பாப்பாவை நீங்கதான் கூட்டிட்டு வரணும். அவளைப் பின்னால உட்கார வையுங்க.

இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன்: அதுலயும் இதே கிளிப்பு சொருகியிருந்துச்சு. சீட்டெல்லாம் கிழிஞ்சும் பெல்ட்டு மட்டும் புத்தம்புதுசா சுருண்டு கிடந்தது. கடைசி வரைக்கும் அந்த வண்டி கத்தவே இல்லைங்க.