இடது காதில் இருந்தது

செப்டம்பர் 3, 2024
காது மிஷின் மாட்டினால் இடது காதில் இவர் குரல் மட்டும் இன்னும் வருகிறது. பேச்சு புரியாது, அதற்கு உதட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் குரல் இவருடையது. வலது காது போய்ப் பன்னிரண்டு வருஷம். ஆபரேஷன் செய்து இடது காதுக்குள் கருவி வைத்தால் பேச்சு புரியலாம், ஆனால் மிச்சம் இருப்பதும் போய்விடலாம் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். கல்கத்தாவில் கரியாஹாட் வரை ஆட்டோவில் இவர் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 5
கையெழுத்துப் போட்டுவிட்டேன். "அது தானாவே போயிண்டுதான் இருக்கு, அனந்து" என்றார் இவர். உண்மைதான். ஆனாலும் கோபம் கோபமாக வருகிறது. போகப்போவது என் காது அல்லவா?

செப்டம்பர் 9
நாளைக் காலை ஆபரேஷன். காதுக்குப் பின்னால் முடியை மழித்தாயிற்று. பயம். வேறொன்றும் எழுத வரவில்லை.

செப்டம்பர் 21
தையல் பிரித்தார்கள். பழைய மிஷினை மாட்டி, மகள் மஹிமாவை இடது பக்கம் நின்று கத்தச் சொன்னேன். ஒன்றுமே இல்லை. இவரையும் கூப்பிட்டேன். ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 7
கருவியை முடுக்கினார்கள். இவர் உதடு "அனந்து" என்றது. எனக்கு வந்தது தகர டப்பாவில் ஆணி உருள்கிற சத்தம். எல்லோர் எதிரிலும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் அழுதேன். இதுக்கா? இதுக்காகவா இவர் குரலைத் தொலைச்சேன்?

அக்டோபர் 10
துர்கா பூஜை, சப்தமி. லேக் கார்டன்ஸ் பந்தலில் டாக் மேளம். மண்டையே பிளந்துவிடும் போலிருந்தது. கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டேன். நாள் முழுக்க மாட்டணும் என்று கேட்கப் பயிற்சி தரும் சாதனா திட்டுவாள். திட்டட்டும்.

அக்டோபர் 26
மஹிமா தினமும் ஒரு தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படிக்கிறாள், நான் வரியை விரலால் தொடர்கிறேன். வங்காளம் அவளுக்குக் கடகடவென்று வரும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்த நிதானம் எனக்குச் சௌகரியம்.
இன்று விரல் வைக்காமலே இரண்டு வார்த்தை பிடிபட்டது. நிஜமா, ஊகமா? யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி, நாளைக்கு இல்லை என்று ஆகிவிட்டால்?

நவம்பர் 17
காலையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியக் கூடாததை எல்லாம் இவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். மஹிமாவிடம் சொன்னார்: "அவ வேண்டாம்னுதான் எழுந்து வந்தா. நான்தான் பிடிச்சுத் தள்ளினேன். இருந்ததும் போயிடுத்து. அவ மூஞ்சியைப் பாக்கவே பயமா இருக்குடி."
குரல் இவருடையது இல்லை. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.
நான் திரும்பவில்லை. "பயப்படாதீங்கோ" என்றேன்.
பின்னால் இவர் மூக்கை உறிஞ்சினார். அதுவும் கேட்டது.