விட்டுப்போன பிசிறு

மார்ச் 4

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று டாக்டரம்மா அறையில் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். "பின்பக்கமா ஒரு குழாய விட்டு உள்ள பார்ப்போம்" என்று அந்தம்மா சொன்னதுதான் தாமதம். "நாப்பத்தேழு வருஷமா என் முன்பக்கத்தையே யாரும் சரியாப் பார்க்கல டாக்டர்" என்றேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

தம்பிக்குக் குடலில் புற்றுநோய். அதனால்தான் கூடப் பிறந்தவர்களும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் போன மாதமே கொடுத்தேன், இன்று முடிவு சொன்னார்கள். அண்ணன் அடுத்த வாரம் கொடுப்பார்.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே எழுதியிருப்பதை எல்லாம் நகல் எடுக்குமாம். நகலில் பிழை வருவது சகஜம். பார்த்துத் திருத்துவதற்கென்றே உள்ளே ஏதோ இருக்கிறதாம். எங்கள் குடும்பத்தில் அது பழுது. பிழைமேல் பிழை சேர்ந்து ஒருநாள் கட்டியாகிவிடும். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் வந்ததும் இதனால்தான் இருக்கும் என்றார்.

"செக்கிங்ல ஆள் லீவு" என்றேன். நான் சட்டைக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக செக்கிங்.

"அதேதான். உங்களுக்கும் அந்தப் பழுது இருக்கு. இருக்குன்னா நோய் வந்தாச்சுன்னு அர்த்தமில்ல. வருஷா வருஷம் பார்த்தா முளையிலேயே எடுத்துடலாம்."

அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5

தம்பி வீட்டுக்குப் போனேன். மருந்து ஏற்றிய மறுநாள். குளிர்ந்ததைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதாம், தண்ணீர் டம்ளரைக்கூட ஒரு கைத்துண்டைச் சுற்றித்தான் பிடிக்கிறான்.

"என்னக்கா சொன்னாங்க?"

என் வாய் இருக்கிறதே. "எனக்கு ஒண்ணும் இல்லடா. நான் அசல் சரக்கு. நீதான் கம்பெனி ரிஜெக்ட்."

அவன் அந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில். "ஒருத்தியாச்சும் தப்பிச்சியே."

நானும் சிரித்து வைத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 6

சொல்லவில்லை.

மார்ச் 12

அண்ணன் லாரியை ஓரங்கட்டிவிட்டு போன் செய்தார். ரத்தம் கொடுத்தாயா என்று கேட்டேன்.

"எதுக்கு? உனக்கு ஒண்ணுமில்லன்னு தம்பி சொன்னான். அம்மாவ உரிச்சு வச்ச மாதிரி இருக்கிறது நீ. உனக்கே இல்லேன்னா அப்பா ஜாடை எனக்கு எங்கேர்ந்து வரும்? விட்டுட்டேன்."

அவர் பாட்டுக்குப் பேசினார். "வயிறுதான் ரெண்டு மாசமா சரியில்ல. கண்ட கடைச் சோறு. மூலம் போல இருக்கு, லேசா ரத்தம் படுது. மருந்துக்கடையில சொல்லி மாத்திரை வாங்கிக்கிட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எந்நேரமும் ஸ்டியரிங்கக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா மூலம் வராம மூக்குத்தியா வரும்?"

இரண்டு பேரும் சிரித்தோம். நானெல்லாம் ஒரு தங்கச்சியா?

மார்ச் 13

கை மாறித் தைத்த சட்டை ஒன்றை 'ஓகே' போட்டு அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் கொண்டுவந்து மேஜையில் போட்டார். "கண்ணுல படலையா, பட்டும் விட்டியா?"

"பட்டும் விட்டேன் சார்."

அவர் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏன் பொய் சொன்னேன்? தம்பி மனசு உடையக் கூடாது என்றா? அது வெளியே சொல்லிக்கொள்வதற்கு. உள்ளே இருப்பது வேற — எல்லாரையும் ஓட்டுற என்னைப் பார்த்து எவளாவது 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டா? அதுக்குத்தான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து அண்ணன் வயித்த அடமானம் வச்சிட்டேன். த்தூ.

மார்ச் 15

இரண்டு பேரையும் தம்பி வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். முன்னுரையாக ஒரு ஜோக் யோசித்து வைத்திருந்தேன். வரவில்லை.

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "அன்னைக்கு நான் அழுதப்போ கூடவே சிரிச்சியேக்கா." அவ்வளவுதான் கேட்டான். அடித்திருக்கலாம்.

அண்ணன் லாரிச் சாவியைத் தம்பி வீட்டு ஆணியில் மாட்டினார். "விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு, வாயாடி." பிறகு, என்னைப் பார்க்காமல், "அந்த டாக்டரம்மா எப்போ வருவாங்க?"

ஏப்ரல் 2

அண்ணனுக்கு ரத்தம் படுவதைக் கேட்டதும் நேரே குழாய்ப் பரிசோதனைக்கே அனுப்பினார்கள். கட்டி இருக்கிறது. இன்னும் குடலைத் தாண்டவில்லையாம். அறுத்து எடுத்துவிடலாம், நல்ல நேரத்தில் வந்தார் என்றார் டாக்டரம்மா. "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 3

இன்று கம்பெனியில் யாரையும் கிண்டல் செய்யவில்லை. ஆளாளுக்கு வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். என்ன என்று கேட்டவர்களுக்கு அதையும் சொன்னேன். ஒருத்தி 'ஐயோ பாவம்' என்றாள். ஒன்றும் ஆகவில்லை.

மே 6

ஆபரேஷன் முடிந்து அண்ணன் தேறிவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். என்னோடு பேசுகிறார், பாதிக் கோபமாக.

இன்று என் முறை. துணைக்கு இருவரும் வந்தார்கள். உள்ளே இரண்டு சின்ன முளைகள் இருந்தன, எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மறுபடி வர வேண்டும்.

பரிசோதனைக்கு முன்னால், பின்பக்கம் திறந்து நாடாவால் கட்டுகிற ஓர் அங்கி கொடுத்தார்கள். அதன் கழுத்தோரம் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கத்தரி இல்லாததால் கையால் இழுத்தேன். பின்பக்க நாடாக்கள் இரண்டும் கையோடு வந்துவிட்டன. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டித்தான் அந்த அறைக்குப் போக வேண்டும். சுவரோரமாக நண்டு மாதிரி நடந்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தார். தம்பி தன் துண்டை நீட்டினான். அது டம்ளர் பிடிக்கிற துண்டு.