மொட்டைமாடிக்கு ஒரு கைப்பிடிச் சுவர்

அன்புள்ள பிரைனாவுக்கு,

மான்ட்ரியலிலிருந்து உன் கெட்சல் சொல்லச் சொல்ல, பக்கத்து அறைத் தையற்காரர் எழுதுகிறார். நான் சுகம். உன் இருமல் குறைந்ததா?

நான் வேலை பார்க்கும் யூதத் தொழுகைக்கூடத்து மொட்டைமாடியில், கூடாரப் பண்டிகைக்குக் குடில் போடப் பலகை ஏற்றும்போது கால் லேசாக வழுக்கியது. புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டேன். கணுக்கால் வீக்கம்தான், பயப்படாதே. ஓரத்தில் சுவர் கட்டச் சொல்லித் தலைவர் ஃபைவிஷிடம் கேட்டேன்.

"ஏன் கெட்சல், மேல இருக்கறவர்மேல நம்பிக்கை இல்லயா?" என்றான்.

"நம்பிக்கை இருக்குங்க. சுவர்தான் இல்ல."

"படிக்கத் தெரியாதவன் எனக்குப் பாடம் சொல்றியா?"

எழுத்து தெரியாவிட்டால் காதுமா இல்லை? வீடு கட்டினால் மாடிக்குச் சுவர் வை, இல்லையென்றால் விழுந்தவன் பழி உன்மேல் என்று வேதம் வாசிப்பதை அறுபது வருடமாகக் கேட்கிறேன். நம்பச் சொன்னவர்தானே சுவரும் வைக்கச் சொன்னார்?

சனிக்கிழமை வேதச்சுருளைத் திறக்கும்முன் மேடையைத் தட்டினேன். முறையிட ஏதாவது உள்ளவன், அது தீரும்வரை வாசிப்பை நிறுத்தலாம் என்பது நம் வழக்கமாயிற்றே.

"சுவர் கட்டறேன்னு இவர் சொல்றவரைக்கும் வாசிக்க விடமாட்டேன்" என்றேன்.

வாசிப்பு முடிந்தால்தானே வீட்டில் சாப்பாடு; பசியோடு நின்ற சனம் ஃபைவிஷை மொய்த்தது. "சரி, கட்டித் தொலைக்கறேன், உக்காருய்யா" என்றான்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. கடையில் வாங்காதே, நீயே பின்னு.

சுவர் எழும்பிவிட்டது. அதில் ஒரு கல்லும் பதித்திருக்கிறான். 'கடவுளை நம்பி ஃபைவிஷ் கட்டியது' என்று தையற்காரர் படித்துக் காட்டியதிலிருந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை. அவருக்குக் கை வலிக்கிறதாம், நிறுத்துகிறேன்.

உன் கெட்சல்