அரைச் சாண் மணல்

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

நேற்று மாலை டாக்டர் வாயாலேயே கேட்ட செய்தி: ஜூன் கடைசிக்குள் தொட்டித் தண்ணீர் சரியாகாவிட்டால், தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிவி மாட்டப்போகிறார். "பல்லு வலியோட வர்றவங்க செத்த மீனையா பாத்துக்கிட்டு உக்காரணும்?" என்றார். போனில் சொன்னால் நீயும் நானும் ஒரே நேரத்தில் பேசுவோம், அதனால் எழுதுகிறேன்.

இந்தப் பல் கிளினிக்கை விட்டு நீ வேறு ஊருக்குப் போனபோது வரவேற்பு மேசை வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தாய். கூடவே அந்த உப்புத்தண்ணீர்த் தொட்டியையும், அதிலிருக்கும் உன் பச்சைப் பவளத்தையும் ஒப்படைத்தாய். வேலையில் குறையில்லை. பவளம்தான் மூன்று வாரமாகச் சுருங்கிக் கிடக்கிறது. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டை அளந்தால் குப்பி ரத்தச் சிவப்பு காட்டுகிறது. பாதித் தண்ணீரை மாற்றினாலும் நாலே நாளில் அதே சிவப்பு.

நீ சொன்னபடி மீன்களை வாளிக்கு மாற்றி, சர்க்கரை போன்ற நைஸ் மணலை அரைச் சாண் உயரத்துக்குப் போட்டுவிட்டேன். அதன் மேல் தூவச் சொல்லி உன் தோழியின் தொட்டியிலிருந்து வாங்கி நீ பேருந்தில் அனுப்பிய பழைய மணலும் வந்தது. என்ன அழுக்கு! குழாயடியில் மூன்று தண்ணீர் அலசி, பளிச்சென்று ஆன பிறகுதான் தூவினேன்.

உன் அண்ணன் நலம். இந்த வாரமும் சோபாவை விட்டு அசையவில்லை.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் படித்தேன். "அலசி" என்ற இடம் வந்ததும் கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

அந்த அழுக்குதான் அண்ணி சரக்கே! கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் நூல் மாதிரிப் புழுக்களும் அதில் இருந்தன. புழுக்கள் மேல் மணலை இறுகாமல் வைத்திருக்கும். காற்றுப் போகாத அடி மணலில் கிருமிகள் பெருகி, நைட்ரேட்டைத் தின்று வெறும் வாயுவாக்கி விட்டுவிடும். நீங்கள் குழாய்த் தண்ணீர் காட்டி அத்தனை பேரையும் மேலே அனுப்பிவிட்டீர்கள்.

என் தோழியிடம் கெஞ்சி, அவள் தொட்டியிலிருந்து இன்னொரு டப்பா அனுப்புகிறேன். அலசக் கூடாது. கிளறவும் கூடாது, கிளறினால் அடியில் இருக்கிற விஷ வாயு மேலே வந்துவிடும். மாதக்கணக்கில் கையே வைக்கக் கூடாது. கழுவிய தட்டை எடுத்து மறுபடி கழுவுகிறவர் நீங்கள். உங்களால் முடியுமா?

அந்தப் பவளம் என்னிடம் வந்தபோது சுண்டுவிரல் நகம் அளவுதான். இந்த விடுதி அறையில் ஒரு வாளி வைக்க இடமிருந்தால்கூட விட்டுவிட்டு வந்திருக்க மாட்டேன்.

கோபத்தோடும் அன்போடும்,
சின்னு


ஏப்ரல் 20

அன்புள்ள சின்னுவுக்கு,

இன்று காலை நானே கண்ணால் பார்த்தது: கண்ணாடியோரம், மணலுக்குள், ஒரு நூல் புழு நெளிந்தது. வீட்டில் புழுவைக் கண்டால் என்ன ஆட்டம் ஆடுவேன் என்று உனக்குத் தெரியும். இதைப் பார்த்து மேசை முன் நின்ற பெண்ணைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பாவம், அவள் கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவள்.

இரண்டாவது டப்பாவை அப்படியே தூவினேன். கை அரிக்கிறது, ஆனால் தொடவில்லை. துடைப்பதற்கு வேறு கிடைக்காமல் டாக்டரின் நாற்காலிச் சக்கரங்களைத் துடைக்கிறேன். கன்னம் வீங்கிய ஒருவர், "ஏம்மா, இவ்வளவு மண்ணு கொட்டி வச்சிருக்கீங்களே, செடி நடப் போறீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், போன மாசம் மீன் விதைச்சோம், இன்னும் முளைக்கல" என்றேன். வலியோடு சிரித்தார்.

இரண்டு செய்தி நல்லதில்லை. குப்பி இன்னும் சிவப்புதான். மணலின் அடியில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புத் திட்டு ஒன்று தெரிகிறது.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 27

அண்ணி,

கறுப்பு என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தோழிக்குத் தெரிந்த ஒருவருடைய தொட்டி இப்படித்தான் கறுத்து, ஒரே நாளில் எல்லாம் செத்ததாம். மணலை முழுக்க அள்ளி எறிந்துவிடுங்கள். ஜூன் 29 ஞாயிறுதான் எனக்கு லீவு, அதற்கு முன் கிடைக்காது. நானே வந்து பவளத்தை எடுத்துத் தோழி தொட்டியில் விட்டுவிடுகிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களிடம் இதைக் கொடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சின்னு


ஜூன் 22

அன்புள்ள சின்னுவுக்கு,

நேற்றைய நிலவரம்: நைட்ரேட் ஐந்து. அளந்தது நானில்லை, மீன் கடைக்காரர். நமக்கு அவர் மாமனுமில்லை, மச்சானுமில்லை. மார்ச்சில் அவர் கடையிலேயே எண்பது காட்டிய அதே தொட்டித் தண்ணீரா என்று கேட்டு, நம்பாமல் இன்னொரு குப்பி எடுத்து மறுபடி அளந்தார். ஐந்தேதான்.

உன் பேச்சை நான் கேட்கவில்லை. கிளறினால் விஷம் மேலே வரும் என்று எழுதியவளும் நீ, அள்ளி எறியச் சொன்னவளும் நீ. பயப்படாத நாளில் நீ சொன்னதை எடுத்துக்கொண்டேன். கறுப்பு அப்படியேதான் இருக்கிறது, பரவவில்லை. மே கடைசியில் மணலுக்குள் கண்ணாடியோரமாகக் குட்டிக் குட்டிக் குமிழிகள் வந்தன, கிருமிகள் விடும் என்று நீ எழுதிய அந்த வாயுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் சிவப்பு வெளுத்துக்கொண்டே வந்தது. இப்போது தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, மீன்கள் அந்தரத்தில் நிற்கின்றன. டிவிக்காகச் சுவரில் போட்ட துளையில் டாக்டர் காலண்டர் மாட்டிவிட்டார். "ஒண்ணுமே செய்யாம எப்படிம்மா சாதிச்சீங்க?" என்று கேட்டார். "சார், நான் செஞ்சதிலேயே கஷ்டமான வேலை அதுதான்" என்றேன்.

உன் பவளம் முழுக்க விரிந்துவிட்டது. என் உள்ளங்கையைவிடப் பெரிது. பக்கத்தில் புதிதாக இரண்டு மொட்டு விட்டிருக்கிறது.

இன்னும் முடிவாகாதது ஒன்றுதான்: நீ பவளத்துக்குப் பெட்டி கொண்டு வருகிறாயா, வெறுங்கையோடு வருகிறாயா என்பது. அது உன்னுடையது, கேட்டால் கொடுத்துவிடுவேன். ஆனால் பார்த்துவிட்டுக் கேள். 29ஆம் தேதி கிளினிக் விடுமுறை. சாவி என்னிடம் இருக்கிறது. பத்து மணிக்குத் திறந்து வைக்கிறேன்.

உன்,
அண்ணி