ஏரிக்கரையிலிருந்து தூக்கி வந்த தேன்பெட்டி

அடி அண்ணாமலை
20-1-1979

அன்பு மகள் பொன்னிக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. பிலாய் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், காலையில் குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்காதே.

பெரியப்பா எழுதியதை நம்பி, சண்டை வேண்டாம், தேன்பெட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். கொடுக்க மாட்டேன். நடந்ததைக் கேட்டுக்கொண்டு பிறகு சொல். கார்த்திகையில் பிடித்த மழை மார்கழி பாதி வரை விடவில்லை, எங்கேயும் பூ இல்லை, பசி தாங்காமல் தேனீக்கள் பெரியப்பா டீக்கடைச் சர்க்கரை டப்பாவில் போய் மொய்த்தன. தீபத்துக்கு மலை சுற்ற வந்தவர் ஒருவருக்கு உதட்டில் கொட்டிவிட்டது. பெரியப்பா கோபம் நியாயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதனால்தான் ரேஷன் சர்க்கரையைப் பாகு காய்ச்சிப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன், வயிறு நிறைந்தால் அங்கே ஏன் போகப்போகிறது. அதற்கும் வாசலில் நின்று, "பூச்சிக்கு சக்கர, என் தம்பிக்கு வெல்லக் காப்பியா"ன்னு கத்தினார். "வெல்லக் காப்பி குடிச்சா உங்க தம்பி மூஞ்சியத் தூக்கி வெச்சிப்பாரு, சக்கர இல்லன்னா அதுங்க செத்தே பூடும் மாமா"ன்னு நானும் சொல்லிவிட்டேன்.

கீழ்பென்னாத்தூருக்கு உன் சித்தியைப் பார்க்க நாங்கள் போன அன்று, ஆளை வைத்து ரெண்டு பெட்டியையும் தூக்கிப்போய் ஏரிக்கரையில் போட்டுவிட்டார். திரும்பி வந்ததும் கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் காற்றில் ஒன்று கவிழ்ந்து அடையெல்லாம் சேற்றில் கிடக்கிறது, ஒரு ஈ உயிரோடு இல்லை. மற்றதில் காதை வைத்தேன், லேசாக இரைச்சல் கேட்டது. வாசல் ஓட்டையைத் துணியால் அடைத்து, மார்போடு தூக்கிக்கொண்டு நேரே அவர் கடைக்குத்தான் போனேன். தேனீ என்றாலே ஒதுங்கிப் போகிற உன் அப்பா குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். கடை நிறைய ஆள். பெட்டியைப் பெஞ்சில் வைத்து, "இன்னொரு தபா இதத் தொட்டீங்கன்னா மூடியத் தொறந்து இங்கயே வுட்டுட்டுப் போவேன்"னு சொன்னேன். "பொண்டாட்டிய அடக்க மாட்டியாடா"ன்னு அவர் அப்பாவைக் கேட்டார். அப்பா அண்ணன் எதிரே உட்காரக்கூட மாட்டார், உனக்கே தெரியும். இருமி முடித்துவிட்டு, "அவ சொன்னா செய்வாண்ணா"ன்னார்.

பெட்டியை அடுப்பங்கரை ஓரம் வைத்துச் சாக்கு போர்த்தினேன். தினமும் செத்ததைக் கூட்டி அள்ளினேன், ராணித் தேனீ இருக்கிறதோ என்று திறந்து பார்க்கவும் பயம், குளிர் பட்டால் மிச்சமும் போய்விடும். பொங்கல் கழிந்து வெயில் அடித்த அன்றுதான் திறந்தேன். ராணி இருக்கிறாள், புது முட்டையும் இருக்கிறது, அப்போதுதான் அழுதேன். கொல்லையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன், நேற்று முருங்கைப் பூவில் உட்கார்ந்திருந்தன. பெரியப்பா இன்னும் பேசவில்லை, போகட்டும். பெரியம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் ஒரு பொட்டலம் சர்க்கரை கொடுத்துவிட்டுப் போனாள்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பெட்டியைக் கொடு என்று மறுபடி எழுதாதே. சித்திரைக்கு வரும்போது மாப்பிள்ளையிடம் சொல்லி நல்ல பலகையாகக் கொண்டு வா, இந்த வருஷம் மூணு பெட்டி வைக்கப்போகிறேன்.

உன் அம்மா
கஸ்தூரி