கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு

மார்ச் 4

ஆபீஸுக்கு மேல்மாடியையும் வாடகைக்கு எடுத்தாயிற்று. சமையலறை மேஜையில் உட்கார்ந்து செய்த பஸ் ஓட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு இப்படிப் பிய்த்துக்கொண்டு போகும் என்று யார் கண்டது? என் தம்பிதான் அதற்கு மூளை, நான் வாய். அவனே சொல்வான்: "நீ பேசு அக்கா, நான் செய்யறேன்."

மார்ச் 19

இன்று மேடையில் அடுத்த விளையாட்டை அறிவித்தோம். காணாமல் போன மகனைத் தேடி ஒரு தாய் வீடு வீடாக ஏறி இறங்குகிற கதை. தம்பி எழுதியது. "எல்லா வீட்டுக்குள்ளயும் போக முடியுமா?" என்று ஒரு நிருபர் கேட்டார். "ஒரு வீடு விடாம போகலாம்" என்றேன். கைதட்டல் காதைப் பிளந்தது.

திரும்பும்போது காரில் தம்பி விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தான். இறங்கும்போதுதான், "நாம பேசினது பத்து வீடுதான்க்கா" என்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான்.

ஆகஸ்ட் 11

ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வேறு வேறு ஆட்கள் வாழ்ந்த மாதிரி இருக்க வேண்டுமாம். அறை அறையாக உட்கார்ந்து இழைக்கிறான். இன்று தாயின் அறையைக் காட்டினான். குனிந்து பார்த்தால் கட்டிலுக்கடியில் பையனின் ஒற்றைச் செருப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பாடா, அக்காவையே அழ வெச்சாச்சு!" என்று குதித்தான்.

ஜனவரி 27

தம்பிக்கு மஞ்சள் காமாலை. படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியீட்டுத் தேதியை ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப் போட்டாயிற்று. பாதி வீடுகள் உள்ளே வெறும் சுவர்.

பிப்ரவரி 6

முடிவெடுத்துவிட்டேன். இருப்பதிலேயே அழகான அறை தாயின் அறை. அதையே பிரதி எடுத்து மிச்ச வீடுகளுக்குள் போடச் சொன்னேன். சுவரின் நிறத்தை மாற்றினால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது?

தம்பியிடம் சொல்லவில்லை. உடம்பு முடியாதவனை எதற்குப் படுத்த வேண்டும் — இது சாக்கு. எனக்கே தெரிகிறது.

பிப்ரவரி 9

விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற பெண்ணுக்கு ஆபீஸில் 'நொட்டை' என்றுதான் பெயர். மத்தியானம் வந்து நின்றாள். "மேடம், புதுசா போட்ட எல்லா வீட்டுக் கட்டிலுக்கடியிலயும் அந்தச் செருப்பு கிடக்கு."

நான் அழுத செருப்பு. பிரதி எடுக்கச் சொன்னபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

இப்போது அதை எடுத்தால் எல்லா வீட்டையும் மறுபடி சோதிக்க வேண்டும். எங்கே நேரம்? "யாரும்மா குனிஞ்சு பாக்கப்போறாங்க? விடு" என்றேன். அவள் சொன்ன பிழையை 'சரிசெய்யப்பட்டது' என்று நானே மூடினேன்.

பிப்ரவரி 20

வெளியாயிற்று. கடவுளே.

பிப்ரவரி 22

குனிந்து பார்த்துவிட்டார்கள்.

பிப்ரவரி 25

ஊரே ஒரே பையனைத் தொலைத்துவிட்டதாம். கதவைத் திறப்பதும் குனிவதும் விழுந்து விழுந்து சிரிப்பதுமாக எத்தனை வீடியோ! வாங்கியவர்கள் வரிசையில் நின்று திருப்பிக் கொடுக்கிறார்கள். விளையாட்டு தொடங்கும்போது 'கதை, வடிவமைப்பு' என்று தம்பியின் பெயர் வருகிறது. எனவே அவனைத்தான் கிழிகிழி என்று கிழிக்கிறார்கள்.

நான் என்ன செய்தேன்? 'வடிவமைப்புப் பிரிவில் நேர்ந்த கவனக்குறைவு' என்று அறிக்கை விட்டேன். வடிவமைப்புப் பிரிவு யாரு? அவன் ஒருத்தன்தானே! ச்சே. என்ன பொறப்பு நான்.

மார்ச் 2

தம்பி வீட்டுக்குப் போனேன். பாதியாக இளைத்திருக்கிறான்.

"ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"உனக்கு உடம்பு சரியில்லையேடா…"

"ஈரலுக்குத்தானே சரியில்ல. காது நல்லாத்தான் இருந்துச்சு."

அறிக்கையைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. படித்திருப்பான். படிக்காமலா இருப்பான்?

ஜூன் 14

ஆபீஸை மூடிவிட்டோம். நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போது நொட்டை வந்து கைகொடுத்துவிட்டுப் போனாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலாம்.

ஜூலை 8

இன்று தம்பிக்கு ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்வியூ என்று காலையில் அவன் மனைவி போனில் சொன்னாள். இதுவரை போன இரண்டு இடத்திலும் செருப்பைச் சொல்லிச் சிரித்தே அனுப்பிவிட்டார்களாம். மனசு கேட்கவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி இணையத்தில் வெளியிட்டுவிட்டேன். பிரதி எடுத்தது நான், தம்பிக்குத் தெரியாது, தெரிந்தே பிழையை மூடியதும் நான்.

நெஞ்சு லேசானது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 10

தம்பி வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இந்தத் தடவையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

இன்டர்வியூவில் செருப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "அவசரத்துல நான்தான் அப்படிச் செஞ்சேன், என் தப்பு" என்று இவன் சொல்லியிருக்கிறான். தப்பை ஒத்துக்கொள்கிற ஆள் கிடைப்பது கஷ்டம் என்று அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றுக் கூப்பிட்டு, பொய் சொல்கிறவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன? உனக்கென்ன தலையெழுத்தா?"

"வேற என்ன சொல்றது? எங்கக்காதான் பண்ணினான்னு ஊரான்கிட்ட சொல்லணுமா?"

திட்டுடா, நாலு அறை வேணும்னாலும் அறைடா என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். கையை விடுவித்துக்கொண்டான்.

"சாப்பிட்டியா?" என்றான்.